பிள்ளை சொல்ல வரும்போது



தோட்டத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புல்லுக்குள் கிடக்கும் பாம்பு, மழைக்காலத்தில் நிரம்பி ஓடும் கால்வாய், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு வேகமாக வரும் லோரி, டிங்கிக் கொசு, இவை எல்லாவற்றையும் பற்றிப் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறோம். ‘அங்கே போகாதே, இங்கே நிற்காதே’ என்று காலையிலும் மாலையிலும் எச்சரிக்கிறோம்.

ஆனால், ஓர் ஆபத்தைப் பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. வயதில் மூத்த ஒருவர் ஒரு பிள்ளையின் உடம்பைத் தம்முடைய இச்சைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஆபத்து அது. தொடக்கூடாத இடத்தில் தொடுவது, பிள்ளையைத் தம்மைத் தொடச் சொல்வது, ஆபாசப் படத்தைக் காட்டுவது, பிள்ளையை உடையில்லாமல் படம் பிடிப்பது, அசிங்கமாகப் பேசுவது எல்லாமே அதில் அடங்கும். இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. ஆண் பிள்ளைகளுக்கும் நேர்கிறது.

“இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா? தெரியாததைத் தெரியவைத்துக் கெடுப்பது போலாகாதா?” என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பாம்பைக் காணாத பிள்ளைக்கும் நாம் பாம்பைப் பற்றிச் சொல்கிறோம். சொன்னதனால் எந்தப் பிள்ளையும் பாம்பைத் தேடிப் போவதில்லை. எதிரே வந்தால் விலகிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. இந்த விஷயமும் அப்படித்தான். எந்த வயதில் எவ்வளவு சொல்ல வேண்டுமோ, அவ்வளவு சொன்னால் போதும்.

முதலில், இந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள் யார் என்பதைப் பார்ப்போம். ‘பிள்ளை பிடிக்கிறவன் வருவான்’ என்று சொல்லிச் சோறு ஊட்டியவர்கள் நாம். ஆகவே, சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் முகம் தெரியாத மனிதனைத்தான் நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. பெரும்பாலும் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்தான் இதைச் செய்கிறார். பிள்ளை மாமா என்றும், அண்ணன் என்றும், தாத்தா என்றும் கூப்பிடும் ஒருவராக அவர் இருக்கலாம். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி வேன் ஓட்டுபவர், டியூஷன் சொல்லிக்கொடுப்பவர், குடும்ப நண்பர், சில வேளைகளில் அதே வீட்டில் வாழ்கிறவர். இதனால் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளை அன்போடு பார்த்துக்கொள்ளும் அண்டை அயலார் இல்லாவிட்டால் தோட்டத்தில் யார்தான் வேலைக்குப் போக முடியும்? ‘தெரியாதவரிடம் பேசாதே’ என்ற ஒரு பாடம் மட்டும் போதாது என்பதே நான் சொல்ல வருவது.

இப்படிப்பட்டவர் ஒரே நாளில் தம் காரியத்தைத் தொடங்குவதில்லை. படிப்படியாக வருகிறார். முதலில் பெற்றோரின் நம்பிக்கையைப் பிடிக்கிறார். விடியுமுன் அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். “நீங்கள் கவலைப்படாமல் போய் வாருங்கள், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். கைமாற்றாகப் பத்து, இருபது வெள்ளி கொடுத்து உதவுவார். அடுத்ததாகப் பிள்ளையின் மனத்தைப் பிடிக்கிறார். மிட்டாய், ஐஸ்கிரீம், கைப்பேசியில் விளையாட்டு, மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பார். பிறகு பிள்ளையைத் தனியே வைத்துக்கொள்ளக் காரணம் தேடுவார். விளையாட்டுப் போலத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளை எதுவும் சொல்லவில்லை என்று கண்டால் அடுத்த படிக்குப் போவார். “இது நமக்குள் இரகசியம்” என்பார். கடைசியில் மிரட்டல் வரும்.

அந்த மிரட்டல் எப்படி இருக்கும் தெரியுமா? கத்தியைக் காட்ட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. “நீ சொன்னால் உன் அம்மா உன்னைத்தான் அடிப்பாள். நீ சொல்வதை யார் நம்பப்போகிறார்கள்?” என்ற இரண்டு வாக்கியங்கள் போதும்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த இரண்டு வாக்கியங்களையும் பிள்ளை ஏன் நம்புகிறது? மங்கை உடைத்ததற்கும் அடி, மார்க்கு குறைந்ததற்கும் அடி, உண்மையைச் சொன்னாலும் அடி என்றிருக்கும் வீட்டில், அவன் சொன்ன பொய்க்கு நாம் மாட்டி வைத்திருக்கும் ரோத்தானே சாட்சி ஆகிவிடுகிறது. அதற்கு மாறாக, தப்புச் செய்தாலும் உள்ளதைச் சொன்னால் அம்மா கேட்பாள், அப்பா கேட்பார் என்று அறிந்த பிள்ளையிடம் அந்த மிரட்டல் எடுபடாது. பிள்ளையின் பாதுகாப்பு பூட்டிலும் தாழ்ப்பாளிலும் இருப்பதைக் காட்டிலும் அந்த நம்பிக்கையில்தான் அதிகமாக இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று. தாயார் வெயிலில் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறார். அடுப்பில் உலை கொதிக்கிறது. பிள்ளை வந்து சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நான் இனிமே கடைசி வீட்டுத் தாத்தா வீட்டுக்குப் போகமாட்டேன்” என்கிறது.

“ஏன், அவர் உன்னைக் கடித்தா தின்னுகிறார்? வயசானவரை அப்படிப் பேசாதே. போ, போய்ப் புத்தகத்தை எடு!” என்று தாயார் சொன்னால், அந்தக் கதவு அன்றைக்கே மூடிக்கொள்ளும். பிள்ளை இரண்டாம் முறை சொல்ல வருமா என்பது சந்தேகம்.

அதே தாயார் அடுப்பைத் தணித்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, “சரிம்மா, போகவேண்டாம். அங்கே என்ன நடந்தது, அம்மாவிடம் சொல்லு” என்று கேட்டால்? ஒருவேளை தாத்தா வீட்டு நாய் குரைத்ததற்காகவே பிள்ளை பயந்திருக்கலாம். அப்படியானால் நட்டமொன்றுமில்லை. வேறு காரணம் இருந்தால், அந்த இரண்டு நிமிடம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கும். பிள்ளைகள் பெரியவர்களைப் போல் நடந்ததை வரிசையாகச் சொல்வதில்லை. முதலில் நுனியை மட்டும் நீட்டிப் பார்ப்பார்கள். நாம் பிடித்துக்கொண்டால் மீதியைத் தருவார்கள்.

இனி, பிள்ளைகளுக்கு என்ன கற்றுத்தர வேண்டும் என்று பார்ப்போம்.

மூன்று, நான்கு வயதில் உடம்பின் உறுப்புகளைச் சொல்லிக்கொடுக்கிறோம். கண், மூக்கு, காது என்று சொல்லிவிட்டு, மறைவான உறுப்புகள் வந்ததும் ‘சீ’ என்று நிறுத்திவிடுகிறோம். அவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நேர்ந்ததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? ‘சீ’ என்று நாம் சொன்ன இடத்தைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்றல்லவா அது நினைக்கும்? “உன் ஜட்டியும் சட்டையும் மறைக்கிற இடம் உனக்குச் சொந்தம். அதை யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது. மற்றவர்களுடையதைத் தொடும்படி யாரும் உன்னிடம் சொல்லவும் கூடாது. அம்மா குளிப்பாட்டும்போதும், அம்மா பக்கத்தில் இருக்க டாக்டர் பார்க்கும்போதும் மட்டும் பரவாயில்லை” என்று எளிமையாகச் சொல்லலாம்.

ஐந்து, ஆறு வயதில் மூன்று காரியங்களைப் பழக்குங்கள். யாராவது அப்படிச் செய்தால் ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்வது ஒன்று. அந்த இடத்தை விட்டு ஓடி வருவது இரண்டு. உடனே நம்பிக்கையானவரிடம் சொல்வது மூன்று. யாரிடம் சொல்வது? பிள்ளையின் கையைப் பிடித்து, விரலுக்கு ஒருவராக ஐந்து பேரை எண்ணச் சொல்லுங்கள். அம்மா, அப்பா, பாட்டி, வகுப்பாசிரியை, பெரியம்மா என்று அதுவே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் கேட்காவிட்டால் அடுத்த விரல், அவரும் கேட்காவிட்டால் அதற்கடுத்த விரல் என்று சொல்லிவையுங்கள். பயத்தில் உறைந்துபோய் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாமற்போகும் பிள்ளைகளும் உண்டு. அப்படி ஆனாலும் அது அவர்கள் குற்றம் ஆகாது, எத்தனை நாள் கழித்தும் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரகசியத்தைப் பற்றியும் பேசுங்கள். அக்காளின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த பாவாடை சட்டையை அவளிடம் சொல்லாமல் வைத்திருப்பது சந்தோஷமான விஷயம். இரண்டு நாளில் அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ‘அம்மாவிடம் எப்போதுமே சொல்லாதே’ என்று ஒருவர் சொல்லும் இரகசியம் கெட்ட இரகசியம். அதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

பெரியவர் சொல்லைத் தட்டாதே என்று கற்றுக்கொடுத்தே பழகியவர்கள் நாம். மரியாதை வேண்டியதுதான். ஆனால், மரியாதைக்கும் ஓர் எல்லை உண்டென்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்துகிறோம். பிள்ளை நெளிந்தாலும் பிடித்துத் தள்ளுகிறோம். கைகூப்பி வணக்கம் சொன்னால் போதாதா? தன் உடம்பைப் பற்றி ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை தனக்கில்லை என்ற பாடத்தை நாமே கற்றுக்கொடுக்கக்கூடாது.

பத்து வயதுக்கு மேல், உடம்பில் வரப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே சொல்லுங்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் சடங்கு வைத்து ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறோம். ஆண் பிள்ளைக்கோ அதுவும் இல்லை. தகப்பன்மார்கள் இந்த வேலையைத் தாய்மார்கள் தலையில் போட்டுவிடக்கூடாது. மகனிடம் தகப்பனார்தான் பேச வேண்டும். தன் உடம்பைக் காத்துக்கொள்வதோடு, பிறர் உடம்பை மதிக்கவும் மகனுக்குக் கற்றுத்தர வேண்டும்.

‘இதற்கெல்லாம் எங்களுக்கு நேரம் ஏது?’ என்று கேட்கலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். தலை வாரிப் பின்னல் போடும்போது, துணி மடிக்கும்போது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்து போகும்போது ஐந்து நிமிடம் பேசினால் போதும். ‘இன்றைக்கு என்ன நடந்தது? எது பிடித்தது? எது பிடிக்கவில்லை?’ என்று தினம் கேளுங்கள். சின்ன விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டால்தான் பெரிய விஷயம் வரும்போது பிள்ளை நம்மைத் தேடி வரும்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் வாசல் கதவைச் சாத்தினால் வெளி ஆள் உள்ளே வர முடியாது. இப்போது பிள்ளையின் கைக்குள்ளேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. விளையாட்டின் வழியாக யாரோ நட்பாகப் பேசுவார். தாமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்பார். ஒரு படம் அனுப்பச் சொல்வார். அனுப்பிவிட்டால், ‘இன்னும் அனுப்பு, இல்லையென்றால் இதை எல்லாருக்கும் காட்டுவேன்’ என்பார். ஆகவே, கைப்பேசியை நடுவீட்டில் வைத்துப் பயன்படுத்தும் பழக்கம் நல்லது. இரவில் அது பெற்றோர் அருகில் இருக்கட்டும். உடையில்லாத படத்தை யார் கேட்டாலும் அனுப்பக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். மீறி அனுப்பிவிட்டாலும், ‘என்னிடம் சொல்லு, அடிக்கமாட்டேன்’ என்று உறுதி கொடுங்கள். அப்படி நேர்ந்தால் மிரட்டுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவை போலீசுக்கு வேண்டிய சாட்சியம்.

பிள்ளை வாயால் சொல்லாததை நடத்தை சொல்வதுண்டு. விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, தூக்கத்தில் அலறுவது, ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு ஒதுங்குவது, படிப்பில் திடீரென்று சரிவது, எங்கிருந்து வந்ததென்று தெரியாத காசும் சாமானும், வயதுக்கு மீறிய பேச்சு, சிறுநீர் கழிக்கும்போது வலி, இவற்றைக் கவனியுங்கள். ஒன்றைக் கண்டதும் முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்பதற்கு அவை அடையாளம்.

சரி, பிள்ளை ஒருநாள் சொல்லிவிட்டது. என்ன செய்வது?

முதலில் உங்கள் பதற்றத்தை அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதால், தான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். ‘நீ சொன்னது நல்லதாய்ப் போயிற்று. நான் உன்னை நம்புகிறேன். இது உன் தப்பில்லை’ என்ற மூன்று வார்த்தைகளைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வேறு எதைச் செய்தாலும் அது இரண்டாவதுதான். ‘ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? ஏன் அங்கே போனாய்?’ என்று கேட்காதீர்கள். பாட்டி வந்தால் ஒருமுறை, அத்தை வந்தால் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளின் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சண்டை போடாதீர்கள். அவன் எச்சரிக்கையாகிவிடுவான்.

நடந்தது அண்மையில் என்றால் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். டாக்டர் பரிசோதனை, போலீஸ் புகார், சமூக நல அதிகாரியின் உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் கவனிக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. உடம்பில் காயம் இல்லையென்று டாக்டர் சொன்னால், பிள்ளை பொய் சொல்லியது என்று அர்த்தமாகாது. இந்தக் கொடுமையில் பல நேரங்களில் வெளியே தெரியும் தழும்பு இருப்பதில்லை. ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால், 15999 என்ற தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 999.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே மலேசியாவில் 2017ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் அது காக்கிறது. பாலியல் நோக்கத்தோடு பிள்ளையைத் தொட்டாலே 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. தொடுவதற்கு முன்பே, அந்த எண்ணத்தோடு பேசிப் பழகி வசப்படுத்துவதும் குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். பெற்றோர், உறவினர், ஆசிரியர், பராமரிப்பாளர் போன்று பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் இக்குற்றத்தைச் செய்தால் தண்டனை மேலும் கூடும்.

‘சின்னப் பிள்ளை சொல்வதைக் கோர்ட்டில் ஏற்பார்களா?’ என்ற கேள்வி பலருக்கு உண்டு. ஏற்பார்கள். இந்தச் சட்டப்படி, வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் வாக்குமூலத்தை நம்பித் தண்டனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குற்றவாளியின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை நடுங்க வேண்டியதில்லை. நடுவே திரை வைத்தோ, வேறோர் அறையிலிருந்து வீடியோ மூலமாகவோ சாட்சி சொல்ல 2007ஆம் ஆண்டின் சிறுவர் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நிறைவாக, மனத்துக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படி ஒன்று வெளிப்பட்டால், போலீசுக்குப் போகாமல் நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். ‘குடும்ப மானம் போய்விடும், நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் ஆக வேண்டாமா? சாமி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்யட்டும், மன்னித்துவிடுவோம்’ என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். குடும்பம் சிதறிவிடக்கூடாதே என்ற கவலைதான். ஆனால், சூடம் அணைந்ததும் அந்த ஆள் அதே லயத்தில், அதே கடைசி வீட்டில்தான் இருப்பான். அடுத்த பிள்ளைக்கு யார் பொறுப்பு? தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கும் இதே நிலைதான். அங்கே லயத்துக்குப் பதில் மாடி. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க மேற்சொன்ன சட்டம் வகை செய்கிறது. கொடுமை செய்தவன்தான் மானம் இழந்தவன். கொடுமைக்கு ஆளான பிள்ளை எந்த மானத்தையும் இழக்கவில்லை. இதை வீட்டில் ஆண்கள் உரக்கச் சொல்ல வேண்டும். கோயில் கமிட்டியிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும், மாதர் பிரிவிலும் சொல்ல வேண்டும்.

கொடுமைக்கு ஆளான பிள்ளை தேறிவருமா என்று கவலைப்படும் பெற்றோருக்கும் ஒரு சொல். தேறிவரும். தன்னை நம்பிய ஒருவர் பக்கத்தில் இருந்தால், தக்க ஆலோசனையும் கிடைத்தால், அந்தப் பிள்ளை மீண்டும் சிரிக்கும், படிக்கும், நன்றாக வாழும்.

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து, ஐந்து விரலுக்கும் ஐந்து பேரை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் பெயர் எந்த விரலில் வருகிறது என்று பாருங்கள். வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளையிலிருந்து தினம் ஐந்து நிமிடம் அதன் பேச்சைக் கேளுங்கள்.